உப்பு பூத்ததுக்கு 24,000 ரூபாயா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் திருமங்கலம் கெளம்பலாம்னு சாவியத் திருகுனா கார் டிக்கு டிக்குன்னு சத்தம் மட்டும் போடுது, ஸ்டார்ட் ஆகல. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துட்டுப் போனா பானெட்டக்கூட ஒழுங்காத் தொறந்து பாக்காம, ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடுறப்ப பேட்டரிய சார்ஜ் பண்ற பாகம்) போச்சு சார், பேட்டரியும் மாத்தணும், 24,000 ஆகும்னு எஸ்டிமேட்ட நீட்டுறாங்க. எனக்கு மனசு ஒப்பல, வண்டியத் திரும்ப இழுத்துட்டு வந்துட்டேன் (அதுக்குத் தனிக் காசு).

காளவாசல் பக்கம் பழக்கமான மெக்கானிக் அண்ணன் பாத்தாரு, பேட்டரி டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா உப்பு பூத்துக் கெடந்துச்சு, கம்பிய கழட்டி சுடுதண்ணி ஊத்தித் தேச்சு இறுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுனா ஒரே அடியில புடிச்சிருச்சு. அப்புறம் மீட்டர வச்சாரு, எஞ்சின் ஓடுறப்ப 14.1 வோல்ட், அதாவது சார்ஜ் ஒழுங்கா ஏறுது. ஆல்டர்னேட்டர் கல்லு மாதிரி இருக்குண்ணேன்னாரு. கூலி 150 ரூபா, அதுவும் நாந்தான் வம்படியாக் குடுத்தேன்.

டெஸ்ட் பண்ணுன ரீடிங்க ஜாப் கார்டுல (வண்டியில பாத்த வேலைய எழுதுற சீட்டு) எழுதுங்க, மாத்துன பழைய பார்ட்ட கையில குடுங்கன்னு எல்லாரும் கேளுங்க. ஏமாத்துனா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா புகாருக்கு பீஸே கெடையாது.

ஒரு வாசகர்,
பழங்காநத்தம், மதுரை.