நாற்பது பேர் என்ற கணக்கு

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மாடி வீட்டு வேலை ஒருவழியாக முடிந்ததும், மகள் புள்ளியியல் முடித்துவிட்டு மருந்து ஆய்வு நிறுவனத்தில் சேரப்போவதும் படித்துச் சந்தோஷம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. வீட்டில் நடக்கும் கண்காணிப்பு அப்படி!

சரி, அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு பயோஈக்விவலன்ஸ் ஆய்வுக்கு, அதாவது மூல மருந்தைப் போலவே அதன் நகலான ஜெனரிக்கும் உடம்பில் சேருகிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கு, எத்தனை தன்னார்வலர்கள் வேண்டும் என்று சாஃப்ட்வேர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அது எதையும் கண்டுபிடிப்பதில்லை என்பதை முதலில் அவளிடம் சொல். நாம் ஊகித்துக் கொடுப்பதை வைத்துக் கூட்டிக் கழித்துத் தருகிறது, அவ்வளவுதான்.

மூல மருந்தையும் ஜெனரிக்கையும் ஒரே ஆளுக்கு, இடைவெளி விட்டு, இரண்டு கட்டமாகக் கொடுக்கிறோம். இரத்தத்தில் மருந்து எட்டும் உச்ச அளவு, மொத்தமாகச் சேரும் அளவு இரண்டுக்கும், ஜெனரிக்கின் அளவை மூல மருந்தின் அளவால் வகுத்து விகிதம் பார்க்கிறோம். அந்த விகிதத்தின் 90 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, முழுவதும் 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் உள்ளே அடங்க வேண்டும். ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் இதற்கென்றே பவர்டோஸ்ட் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, இலவசம். ஒரே ஆளுக்குள் வரும் மாறுபாடு, அதாவது சிவி, 30 சதவீதம், உண்மையான விகிதம் 0.95, பவர் (ஊகம் சரியாக இருந்தால் ஆய்வு வெற்றிபெறும் வாய்ப்பு) 80 சதவீதம் என்று கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் 40 பேர் என்று சொல்லும்.

இந்த 0.95-இல்தான் விஷயமே இருக்கிறது. நம் மாத்திரை மூல மருந்துக்கு அச்சு அசலாகச் சமம் என்று நம்பி 1 என்று போட்டால் 32 பேர் போதும். 0.90 என்று போட்டால் 80 பேர். சிவியைத் தொடவே இல்லை, மருந்தும் அதே மருந்துதான். நம் நம்பிக்கை 0.95-இலிருந்து கொஞ்சம் குறைந்ததற்கு ஆள் இரண்டு மடங்கு. செலவைப் பார்த்து 1 என்று போடச் சொல்லும் மேலாளர்கள் எல்லா நிறுவனத்திலும் உண்டு. இரண்டு மாத்திரைகளில் இருக்கும் மருந்தின் அளவே சோதனைக்கூடத்தில் துல்லியமாக ஒத்துப்போகாதபோது, உடம்புக்குள் போய் ஒத்துப்போகும் என்று எப்படி எழுதுவது? என்னைக் கேட்டால் 1 என்று போடுவது கணக்கே இல்லை, வேண்டுதல்.

அப்புறம் சிவி. முன்னால் வந்த ஆய்வறிக்கையில் பல சமயம் சிவி எழுதியிருக்காது, நம்பிக்கை இடைவெளி மட்டும் இருக்கும். அதிலிருந்தே பின்னோக்கிப் போய்ச் சிவியை எடுக்கலாம். பவர்டோஸ்டில் அதற்கும் வழி உண்டு. 24 பேர் ஆய்வில் 91 முதல் 109 வரை என்று இருந்தால் சிவி சுமார் 18.4 சதவீதம். அதை அப்படியே நம்பினால், அதே 0.95 விகிதத்துக்கும் 80 சதவீத பவருக்கும் 16 பேர் போதும். ஆனால் அந்த 18.4-உம் வெறும் 24 பேரிடம் கிடைத்த மதிப்பீடுதானே? 80 சதவீத நம்பிக்கையில் அதன் மேல் எல்லை 21.4 சதவீதம். அதைப் போட்டால் 22 பேர் ஆகிறது. இந்த ஆறு பேரைச் சேர்க்க யோசித்துவிட்டு, ஆய்வு தோற்ற பிறகு முழுவதையும் திரும்பச் செய்வார்கள். இன்னொன்று, உச்ச அளவின் சிவி பெரும்பாலும் மொத்த அளவின் சிவியைவிடக் கூடுதலாக இருக்கும். கணக்கை அதற்குத்தான் போட வேண்டும்.

சிவி 50 சதவீதம் வரும் மருந்துகளும் உண்டு. 0.90 விகிதத்துக்குச் சாதாரண இரண்டு கட்ட ஆய்வு என்றால் ஏறக்குறைய 200 பேர். நல்ல உடம்போடு இருப்பவர்கள் அத்தனை பேருக்குத் தேவையில்லாமல் மருந்து கொடுப்பது நியாயமா என்பதால்தான் ஐரோப்பிய விதி இப்படிப்பட்ட மருந்தின் உச்ச அளவுக்கு மட்டும் எல்லையை 69.84–143.19 வரை விரிக்க விடுகிறது. அதற்கு மூல மருந்தை ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை கொடுத்து, அதன் மாறுபாட்டை அளந்து காட்ட வேண்டும். நான்கு கட்ட ஆய்வாகச் செய்தால் முப்பது பேருக்குள் முடிகிறது. பவர்டோஸ்டில் அந்தக் கணக்கைப் போடும் ஃபங்ஷனில் நாம் எதுவும் கொடுக்காவிட்டால் விகிதம் 0.90 என்றே எடுத்துக்கொள்ளும். இத்தனை மாறுபடும் மருந்துக்கு 0.95-கூடப் பேராசை என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நடுவில் விலகுபவர்களுக்கும் இடம் விட வேண்டும். பத்தில் ஒருவர் விலகுவார் என்றால் 40-ஐ 1.1-ஆல் பெருக்கி 44 என்று எழுதிவிடுவார்கள். 0.9-ஆல் வகுக்க வேண்டும், 44.4 வரும், மூல மருந்தை முதலில் எடுப்பவர்கள், ஜெனரிக்கை முதலில் எடுப்பவர்கள் என்ற இரண்டு வரிசைக்கும் சமமாகப் பிரிக்க 46. பவர் 80 சதவீதம் என்றால், நாம் ஊகித்ததெல்லாம் சரியாகவே இருந்தாலும் ஐந்தில் ஒரு ஆய்வு தோற்கலாம் என்பதையும் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் மேலாளரிடம் சொல்லி வைக்கட்டும். ஆய்வு முடிந்த பிறகு "எவ்வளவு பவர் கிடைத்தது?" என்று கேட்பார்கள். இடைவெளி உள்ளே வந்ததா இல்லையா என்று கண்ணெதிரே தெரிந்த பிறகு அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. பணிவாகச் சிரித்துவிட்டு வரச் சொல்.

இந்தக் கணக்குகளை அவளே ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். விகிதத்தை 0.95-இல் வைத்துப் பவரை 90 ஆக்கினால் 40 பேர் 52 ஆக வேண்டும். வராவிட்டால் எங்கே தவறியது என்று எனக்கு எழுதட்டும். பொங்கலுக்கு எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள், லேப்டாப்பையும் எடுத்து வரச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்