அந்த மூன்றாவது கனவு வேண்டாம்

அன்புள்ள சேகர்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். மூர்த்தி இப்போதும் உன்னை "டைரக்டர் சார்" என்றுதான் சொல்கிறான்.

குறும்படக் கதையைப் படித்தேன். முதல் பாதி பிரமாதம். அப்புறம் ஏன்டா அந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்பக் கனவிலிருந்து எழுப்புகிறாய்? முதல் தடவை பார்ப்பவன் திடுக்கிடுவான். அடுத்த தடவை உஷாராவான். மூன்றாவது தடவை "இதுவும் கனவுதான்" என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவான். எதையுமே நம்பாதவனிடம் எதைச் சந்தேகப்படச் சொல்வாய்?

செயற்கை மனிதர்களை வேட்டையாடும் போலீஸ்காரனின் கதையான 'பிளேடு ரன்னர்' என்ற ஹாலிவுட் படத்தின் 1982 வடிவத்தையும் 2007இல் வந்த இறுதி வடிவத்தையும் அடுத்தடுத்துப் பார். காகிதத்தில் மடித்த ஒற்றைக்கொம்புக் குதிரை இரண்டிலும் கடைசியில் வருகிறது. பழையதில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சக போலீஸ்காரன் வந்தான், நாயகன் காதலிக்கும் செயற்கைப் பெண்ணான ரேச்சலைக் கொல்லாமல் விட்டுப் போனான். பின்னணிக் குரலே அதைச் சொல்லிவிடுகிறது. 1992இல் அந்தக் குரலையும் சுபமான முடிவையும் வெட்டிவிட்டு, நாயகன் அதே குதிரையைக் கனவில் காணும் ஒரு சின்னத் துண்டைச் சேர்த்தார்கள். இறுதி வடிவமும் அதையே பின்பற்றியது. உடனே அதே காகிதம் "உன் கனவு எனக்குத் தெரியும்" என்கிறது. செயற்கை மனிதர்களை வேட்டையாடுகிறவனே செயற்கையா? இதை விளக்கிப் பேசும் வசனம் கிடையாது. நீ இரண்டு பக்கம் பேசவிட்டிருக்கிறாய்!

அந்தப் படத்தில் செயற்கை மனிதர்களின் கண்மணி செம்பொன்னாக மின்னும். ஒரு காட்சியில் பின்னால் மங்கலாக நிற்கும் நாயகனின் கண்ணும் மின்னும். உனக்கு இது போதும், கிராஃபிக்ஸ் வேண்டாம். பாதி ஒளியைக் கடத்திப் பாதியைத் திருப்பும் மெல்லிய கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரியில் நிறுத்து. பக்கவாட்டிலிருந்து சின்ன விளக்கை அதன்மேல் அடி. லென்ஸ் பார்க்கும் கோட்டிலேயே ஒளி போய், விழித்திரையில் பட்டு நேராகத் திரும்பும். ஃபிளாஷ் போட்டோவில் கண் சிவப்பது இதே காரணத்தால்தான். விளக்குக்கு எதிர்ப்புறம் கறுப்புத் துணி கட்டாயம், இல்லாவிட்டால் அந்தப் பக்கச் சுவர் ஃபிரேமுக்குள் ஆவி மாதிரி தெரியும். கண்ணாடி பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும், அதனால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு ஒளி வரும் அளவு) திற. விளக்கில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருக்கட்டும். கூடினால் முகம் தட்டையாகி வெளுத்துவிடும். கண் மின்னவில்லையா? கண்ணாடியின் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார். அப்படியும் வரவில்லையென்றால் அறையில் வெளிச்சம் அதிகமாகிக் கண்மணி சுருங்கியிருக்கும்.

இந்தக் கண் மினுமினுப்பை உன் கதையில் முதலில் தங்கையிடம் மட்டும் காட்டு. அது செயற்கையின் அடையாளம் என்று பார்ப்பவன் தானாகவே புரிந்துகொள்ளட்டும். அந்த விதி மனதில் நன்றாக ஊறிய பிறகு, ஒரே ஒரு ஷாட்டில் அக்காவின் கண்ணில் மின்னவிடு. குளோஸ்-அப் போட்டுக் கெடுத்துவிடாதே.

ஒன்று மட்டும் சீரியஸாகச் சொல்கிறேன். தன் நினைவு பொய் என்று தெரிந்த பிறகும் உன் கதையின் அந்தப் பெண் அம்மாவுக்காக அழுகிறாளே, யார் சொன்னாலும் அதை வெட்டாதே. ரேச்சலும் இப்படித்தான். பியானோ கற்றுக்கொண்டது நினைவில் இருக்கிறது, ஆனால் கற்றது தானா வேறொருத்தியா என்று தெரியவில்லை. ஆனாலும் விரல்கள் வாசிக்கின்றன. அந்த வாசிப்பைப் பொய் என்று எப்படிச் சொல்வது? கதை முழுக்க நீ தேடுகிற கேள்வி அங்கேதான் இருக்கிறது, கனவுக்குள் கனவில் இல்லை.

கண்ணாடி வைத்து டெஸ்ட் ஷாட் எடுத்ததும் அனுப்பு. திருத்திய கதையையும் சேர்த்தே அனுப்பு, இந்தத் தடவை உடனே படிக்கிறேன்.

உன்,
ரகு