பாலாத்துல தண்ணி இல்ல, கதை இருக்கு: தமிழ் டைரக்டர்களுக்கு வேலூர்லருந்து ஒரு திறந்த மடல்

கதை டிஸ்கஷன்ல உக்காந்துக்கினு இருக்குற டைரக்டர்களுக்கும், அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்துக்கினே சொந்த ஸ்கிரிப்ட பையில மறச்சி வெச்சிருக்குற அசிஸ்டென்ட் டைரக்டர்களுக்கும், "ஒன் லைன் சொல்லுங்க பாஸ்"னு கேக்குற ப்ரொட்யூசருங்க, ஓடிடி ஆளுங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் காட்பாடி பக்கம். ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில கணக்கு பாக்குறேன். எனக்கு பசங்களத்தான் புடிக்கும், இத ஊட்டுல இன்னும் சொல்லல, உங்ககிட்ட சொல்றது ஈஸியா இருக்கு. நேரா விஷயத்துக்கு வர்றேன். எங்களுக்கு ஒரு சர்ஃபிங் படம் வேணும், அதான், பலகைமேல நின்னுக்கினு கடலலைல சறுக்குவாங்களே, அது. ரெண்டு பசங்க லவ் பண்ற சர்ஃபிங் படம்.

சிரிக்கறீங்க, தெரியுது. வேலூர்க்காரனுக்கு இன்னாத்துக்குடா கடலுன்னு. எங்க ஊரப் பத்தி ரொம்ப நாளா ஒரு கிண்டல் ஓடிக்கினு இருக்கு: ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்ல, கோயில் இருக்கு சாமி இல்ல, மலை இருக்கு மரம் இல்ல. இதுல சாமி மட்டும் 1981ல திரும்பி வந்துட்டாரு, ஜலகண்டேஸ்வரர மறுபடி கோட்டைக்குள்ள கொண்டாந்து வெச்சாங்க. மத்த மூணும் அப்படியே கீது. உங்க சினிமாவுக்கு வேலூர்னா ஜெயிலு, அத விட்டா வேற எதுக்கும் நாங்க ஞாபகம் வரமாட்டோம், அது வேற சண்ட, இன்னொரு நாள் வெச்சிக்கலாம்.

வெளிநாட்டுல இந்த மாதிரி படம் கொஞ்சம் இருக்கு. சின்ன ஊரு, பெருசா காசில்லாத குடும்பம், பக்கத்துல கடலு, அலைக்குப் போற பசங்க, அதுல ரெண்டு பேருக்கு நடுவுல காதல். ஷெல்டர்னு ஒரு படம், 2007ல வந்துச்சு, டைரக்டர் ஜோனா மார்க்கோவிட்ஸ். கலிஃபோர்னியாவுல சான் பெட்ரோன்னு ஒரு துறைமுக ஊரு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துலதான் ஆனா பணக்கார பீச் கெடையாது, கிரேனும் கண்டெய்னருமா இருக்கும். ஜாக்னு ஒரு பையன், நல்லா படம் வரைவான், ஆர்ட் காலேஜ்ல எடம் கெடச்சும் போகல, ஏன்னா அக்காவோட குட்டிப் பையன பாத்துக்க ஆள் இல்ல. ஓட்டல்ல வேல செஞ்சிக்கினு, நேரம் கெடச்சா போர்டு எடுத்துக்கினு தண்ணிக்குப் போவான். அப்பதான் ஃப்ரெண்டோட அண்ணன் ஷான், எழுத்தாளர், ஊருக்குத் திரும்பி வர்றான். அதுக்கப்புறம் நடக்குறத நீங்களே பாத்துக்கோங்க.

இத நான் மொதல்ல பாத்தப்ப எனக்குப் பட்டது இன்னான்னா, யோவ் இது தாய்மாமன் படம்யா. அந்த அமெரிக்காக்காரனுக்கு தெரியுமோ தெரியாதோ, அவன் எடுத்து வெச்சிருக்கறது நூத்துக்கு நூறு நம்ம கதை. அக்கா புள்ளைக்காக தன் படிப்ப வுட்டுட்டு நிக்குற மாமன், காதுகுத்துக்கு மடியில உக்கார வெச்சிக்குற அதே மாமன். அந்த அக்கா, ஷான் பக்கத்துல என் புள்ள இருக்கக் கூடாதுன்னு சொல்ற எடம் வரும் பாருங்க, அங்க அடிதடி இல்ல, கத்தல்கூட பெருசா இல்ல, ஆனா மாமனுக்கு மடி இல்லன்னு சொன்னா எப்படி இருக்கும், அதான் அங்க நடக்குது. இத வேலூர்ல ஒருத்தன் புரிஞ்சிக்க சப்டைட்டில்கூட வேணாம். கடைசில ரெண்டு பேரும் சாவல. அந்தக் கொழந்தையும் அவங்ககூட இருக்கு. படம் முடிஞ்சிருச்சு, சந்தோஷமா எழுந்து போயி தோசை ஊத்தித் துன்னேன்.

ஆஸ்திரேலியாவுல 2008ல நியூகாஸில்னு ஒண்ணு வந்துச்சு, அதுவும் நிலக்கரி ஏத்துற ஊரு, அதுல கே பையன் ஹீரோவோட கூடப் பொறந்தவன், ஓரத்துல வர்றவன், ஆனா அந்த ஓரம்தான் எனக்குப் புடிச்சது. 2014ல நிஜ சர்ஃபர்ங்கள வெச்சே அவுட் இன் தி லைனப்னு ஒரு டாக்குமெண்டரி வந்துச்சு, அத பாத்தீங்கன்னா தெரியும், சினிமாவுல காட்டுற அளவுக்கு நெஜத்துல அந்த ஒலகம் ஒண்ணும் தாராளமா இல்ல, பசங்க பயந்து பயந்து மறச்சிதான் வாழ்ந்திருக்காங்க.

சர்ஃபிங் எதுக்கு வேணும்னு கேப்பீங்க. ஒடம்பக் காட்டறதுக்குன்னு நெனச்சா நீங்க படமே பாக்கலன்னு அர்த்தம். சர்ஃபிங்ல அலைமேல நிக்குற நேரம் சில நொடிதான். மீதி நேரம் பூரா போர்டுமேல காலத் தொங்கப் போட்டுக்கினு அலைக்குக் காத்துக்கினு ஒக்காந்திருக்கணும். பக்கத்துல இன்னொருத்தன். கரையிலருந்து பாத்தா ரெண்டு தலை தெரியும், பேசறது ஒரு வார்த்த கேக்காது. சின்ன ஊர்ல எல்லாரும் பாக்குற எடத்துல இருந்துக்கினே யாருக்கும் கேக்காம பேச முடியுற எடம் எங்க இருக்கு, சொல்லுங்க? அதுக்காகத்தான் அந்தப் படங்கள்ல கடல் இருக்கு. ரெண்டு ஆம்பளப் பசங்க மணிக்கணக்கா ஒண்ணா இருக்க ஒரு காரணம் கெடச்சிருது, அத எவனும் தப்பா பாக்க மாட்டான்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. இங்க தப்பா பாக்க மாட்டான்றது கடலுக்கு மட்டும் இல்ல, எல்லாத்துக்குமே. பசங்க ரெண்டு பேரு கை கோத்துக்கினு கோட்ட அகழிய சுத்தி நடக்கலாம், ஒரே பைக்ல மூணு பேரு ஒட்டிக்கினு போலாம், மே மாச வெக்கைல மொட்ட மாடில ஒரே பாயில படுத்துத் தூங்கலாம். அம்மாவே தலகாணி கொண்டாந்து குடுக்கும். அமெரிக்கப் படத்துல பதினேழு வயசுல ஸ்கூல்ல அடி வாங்குவான், அங்கதான் கதை ஆரம்பிக்கும். எங்களுக்கு பதினேழு வயசுல ஒரு பிரச்சினையும் இல்ல சார். எங்களுக்கு கதை ஆரம்பிக்கறது இருபத்தேழுல. தங்கச்சி கல்யாணம் முடிஞ்சிரும், மாமா ஒருத்தர் ஜாதகத்த எடுத்துக்கினு வந்து ஹால்ல ஒக்காருவாரு, கூட மாடில படுத்துத் தூங்கினவன் பத்திரிகை வெக்க வருவான், பொண்டாட்டி பேரு போட்ட பத்திரிகை, அவனே மொய் நோட்டுல உன் பேர எழுதச் சொல்லுவான். வில்லன்னு ஒருத்தன் கெடையாது. எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் பாசமா சோறு போடறாங்க, அதான் தாங்க முடியாம இருக்கு. பசங்க வளந்து ஆளாவுற படம்னு நீங்க எடுத்தா தயவு செஞ்சி இந்த வயச எடுங்க, பள்ளிக்கூட யூனிஃபார்ம் வேணாம்.

நீங்க ஒண்ணுமே பண்ணலன்னு சொல்ல வர்ல. 2010ல கோவா படத்துல சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடியா வந்தாங்க, சிரிப்புக்குத்தான் வெச்சாங்க, இருந்தாலும் தியேட்டர்ல அத பாத்தப்ப நானும் சிரிச்சிக்கினே உள்ள ஒரு மாதிரி ஆயிட்டேன். 2022ல நட்சத்திரம் நகர்கிறதுல ஜோடிங்கள சாதாரணமா ஒக்கார வெச்சி பேச வெச்சாரு ரஞ்சித். 2025ல காதல் என்பது பொதுவுடமை, லிஜோமோளும், அம்மாவா ரோகிணியும், ரெண்டு பொண்ணுங்க லவ் பண்ற கதை, ஊட்டுக்குள்ளயே நடக்குறது. கேரளாக்காரங்க 2023ல மம்முட்டியையே வெச்சி காதல் தி கோர் எடுத்துட்டாங்க, கிராமம், பஞ்சாயத்து எலெக்‌ஷன், எல்லாம் கச்சிதம். ஆனா அதுல அவருக்கு வாழ்க்கையில பாதி போயிடுச்சே. போறதுக்கு முன்னாடி ஒரு படம் வேணும்னுதான் கேக்குறேன். இதுக்கெல்லாம் எதிர்ப்பக்கம் பாத்தா, வில்லன் கொடூரமானவன்னு காட்டறதுக்காகவே ரெண்டு ஆம்பளைங்கள ஒட்டி நிக்க வெச்ச போலீஸ் படமெல்லாம் கீது, பேரு சொல்ல வேணாம், உங்களுக்கே தெரியும்.

ஊருக்கு இது புதுசுன்னு சாக்கு சொல்லாதீங்க. இந்த மாதிரி ஒறவ குத்தம்னு சொன்ன 377வது சட்டப்பிரிவுல சுப்ரீம் கோர்ட் குடுத்த 2018 செப்டம்பர் 6 தீர்ப்ப வுடுங்க, அது டெல்லி. 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஒரு ஆட்கொணர்வு மனு, 25 வயசு பொண்ண அவ குடும்பமே புடிச்சி வெச்சிருக்குன்னு அவளோட துணையான இன்னொரு பொண்ணு போட்டது, எதிர்மனுதாரர் லிஸ்ட்ல மொதல் பேரு வேலூர் எஸ்.பி. ஜஸ்டிஸ் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பொண்ண அவ இஷ்டத்துக்குப் போக வுட்டாங்க, கல்யாணம் பண்ணாத்தான் குடும்பம்னு இல்ல, நாமளா தேர்ந்தெடுக்குற குடும்பமும் குடும்பம்தான்ற மாதிரி எழுதினாங்க, போலீஸையும் நல்லா கேட்டாங்க. அத்தன நாளா எங்க ஊர்ல யாரும் இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன், ஹைகோர்ட் பேப்பர்ல எங்க ஜில்லா பேரு. கோர்ட்டு வேலூர் வரைக்கும் வந்துடுச்சு சார், உங்க கேமரா இன்னும் பூந்தமல்லி தாண்டல.

சரி, கதை இல்லன்னு சொல்வீங்க. நானே தர்றேன், காசு வேணாம்.

பாலாறு கர்நாடகால நந்தி மலைல பொறந்து 348 கிலோமீட்டர் போவுது, அதுல 222 நம்ம தமிழ்நாட்டுல. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு தாண்டி கல்பாக்கம் பக்கத்துல வயலூர்ல கடல்ல சேருது. அங்கருந்து மாமல்லபுரம் கொஞ்ச தூரம், அதுக்கும் வடக்க கோவளம், தமிழ்நாட்டு சர்ஃபிங் முக்கியமா இந்த ஏரியாலதான். 2025 ஆகஸ்ட்ல ஏஷியன் சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்துல நடந்துச்சு, நம்ம நாட்டுக்கு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரு. எங்க காஞ்ச ஆத்தப் புடிச்சிக்கினே போனா அலைக்குப் போய்ச் சேர்ந்துரலாம், இத எவனும் படமா எடுக்கலன்றது எனக்கு ஆச்சரியமா கீது.

ஹீரோ குடியாத்தம். அப்பா ஆம்பூர் டேனரில வேல செஞ்சவரு. (வேலூர் பேருலயே 1996ல ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, தோல் கழிவ பாலாத்துல வுட்டதப் பத்தி, மாசு பண்றவந்தான் காசு கட்டணும்னு சொன்னது, லா காலேஜ்ல பாடமா வருது.) இவனுக்கு கிணத்து நீச்சல்தான் தெரியும். மேலருந்து டமால்னு குதிக்கறது, ட்யூப கட்டிக்கினு கத்துக்கறது. கிணத்துத் தண்ணி ஒரே எடத்துல நிக்கும், கடல் தண்ணி நிக்காது, மொத நாள் மூக்குல உப்புத்தண்ணி ஏறி, போர்டையும் கணுக்காலையும் சேத்துக் கட்டுன லீஷ் கயிறு இழுத்து, போர்டு வந்து தலையில தட்டி, அசிங்கமா வுழுவான். அத நல்லா நீளமா எடுங்க, ட்ரோன் வேணாம். புதுசா வர்றவனுக்கு போர்ட பின்னாடியிருந்து தள்ளி வுட்டு "எந்திரி!"ன்னு கத்த ஒருத்தன் இருப்பான். அந்த ஒருத்தந்தான் ரெண்டாவது ஹீரோ, விசைப்படகுல கூலிக்குப் போற குப்பத்துப் பையன். கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, அந்த நேரத்துல இவன் டூரிஸ்டுங்களுக்கு சர்ஃப் சொல்லிக் குடுக்குறான். ஆக லவ்வுக்கு டைம் 61 நாள், நீங்க தனியா ட்விஸ்ட் யோசிக்க வேணாம், கவர்மெண்டே போட்டு வெச்சிருக்கு. அதுக்கு நடுவுல வைகாசி 1 வந்துரும், கெங்கையம்மன் சிரசு திருவிழா, குடியாத்தத்துக்காரன் எந்த நாட்டுல இருந்தாலும் அன்னைக்கு ஊருக்கு வந்தாவணும், வந்தா கூட்டத்துல சொந்தக்காரங்க எல்லாம் இருப்பாங்க, அங்கயே பொண்ண காட்டுவாங்க. இதுக்கு மேல இன்டர்வெல் ப்ளாக் எவன் குடுப்பான் உங்களுக்கு?

அந்தப் பொண்ணு முட்டாளா இருக்கக் கூடாது. குப்பத்துப் பையன வெறும் சிக்ஸ் பேக்கா நிக்க வெக்காதீங்க, அவனுக்கு கடனு இருக்கு, வலை இருக்கு, அவங்க ஆத்தா இருக்கு, டவுன்காரன் வந்து பொழுது போக்கிட்டுப் போறானோன்னு சந்தேகம் இருக்கு, அந்த சந்தேகம் நியாயமானதும்கூட. அந்த ஏரியால மீனவப் பசங்களேதான் சர்ஃபிங் கத்துக்கிட்டு ஸ்கூல் நடத்துறாங்க, கோவளத்துல மூர்த்தி மேகவன் மாதிரி ஆளுங்க கிட்ட போயி ஒரு வாரம் ஒக்காருங்க, பாம்பேலருந்து கோச் வரவழைக்காதீங்க. எங்க ஊரு பாஷைய மெட்ராஸ் பாஷையா மாத்தி டப்பிங் பேச வெச்சா நான் தியேட்டர வுட்டு எழுந்து போயிருவேன், சொல்லிட்டேன்.

யாரையும் கொல்லாதீங்க. தூக்கு, ரயிலு, எய்ட்ஸு, கடல்ல மூழ்கறது எதுவும் வேணாம். கடல் இருக்குன்னாலே கடைசில ஒருத்தன முழுக வெக்கணும்னு கை ஊறும் உங்களுக்கு, அடக்கிக்கோங்க. ஜூன் 15 விடிகாலைல அவன் போட்டுக்குப் போகட்டும், இவன் வேலூர் பஸ் ஏறட்டும், ஊட்டுல தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லட்டும், அவ ஒரு மாசம் பேசாம இருந்துட்டு அப்புறம் "அவன் மீன் கொண்டாருவானா"ன்னு கேக்கட்டும். போதும்.

சென்சார் பத்தி ஒண்ணு. இப்ப யுஏ 7+, 13+, 16+னு பிரிச்சிட்டாங்க. ரெண்டு பையன் தோள்ல சாஞ்சதுக்கு "ஏ" குடுத்தா சண்ட போடுங்க, 16+ வாங்காம வராதீங்க, ஏன்னா இத பாக்க வேண்டியவனுக்கு இன்னும் பதினெட்டு ஆகல.

அப்புறம் ரிலீஸ். சென்னைல ரெண்டு மல்டிப்ளெக்ஸ்ல போட்டு, ஃபெஸ்டிவல்ல கை தட்டு வாங்கி, மூணாவது நாள் தூக்கிராதீங்க. வேலூர்ல ஒரு ஸ்க்ரீன் குடுங்க, மேட்னி ஷோ போதும், வார நாள்ல வெச்சாலும் பரவாயில்ல. தனித்தனியா டிக்கெட் எடுத்துக்கினு, தள்ளித் தள்ளி ஒக்காந்துக்கினு, நாங்க வந்துருவோம். எங்களோட அம்மாவ கூப்டுக்கினு வர்றதுக்கு ஏத்த மாதிரி ஒரு பாட்டு மட்டும் நல்லா போடுங்க.

இப்படிக்கு,
காட்பாடிலருந்து ஒரு கணக்குப்புள்ள