அலுமினியத் தாளில் வேகும் மீன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் பல குடும்பங்கள் உணவுக்கடைகளையே நம்பியிருக்கும் இந்நாளில், மீனையும் காய்கறிகளையும் அலுமினியத் தாளில் பொதிந்து வேகவைக்கும் எளிய முறைக்குத் தங்கள் சமையல் பகுதி இடமளிக்க வேண்டுமென விரும்புகிறேன். குளிர்நாடுகளில் இது கோடைக்காலக் காய்களுக்கு உரிய சமையல். பினாங்கிலோ கேமரன் மலையிலிருந்து வரும் தக்காளியும் குடைமிளகாயும் நமக்கு எம்மாதத்திலும் கிடைக்கின்றன.

சியாக்காப் (கொடுவா) மீன் துண்டுகளில் மஞ்சள், உப்பு, இடித்த இஞ்சி ஆகியவற்றைத் தடவி, மெல்லியதாக அரிந்த காய்களின்மேல் அடுக்கி, சிறிது நல்லெண்ணெய் விட்டு, நீராவி வெளியேறாதபடி ஓரங்களை இறுக மடித்து, 200 பாகை செல்சியஸ் சூட்டில் வெதுப்பியில் (oven) ஏறத்தாழ 20 நிமிடம் வைத்தால், மீன் தன் சாற்றிலேயே பதமாக வெந்துவிடும். பிள்ளைகளுக்குத் தனிப்பொதியில் காரமின்றியும் செய்து கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். புளி, எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்புப் பொருள்கள் சூட்டில் அலுமினியத்தைச் சிறிதளவு கரைத்து உணவில் சேர்த்துவிடும். ஆகவே, நம் ஊர் ஈக்கான் பாக்கார் (சுட்ட மீன்) கடைகளில் செய்வதைப் போல, வாட்டிய வாழையிலை ஒன்றைத் தாளின்மேல் விரித்து, அதன்மேல் காய்களையும் மீனையும் வைப்பதே நல்லது, மணமும் கூடும். எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழிந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகி,
ஜார்ஜ் டவுன், பினாங்கு