தடைக்காலத்து ராத்திரிகளுக்கு மூன்று நாவல்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஆண்டில் படித்ததில் பிடித்த நாவல்கள் என்று வாசகர்கள் அனுப்பிய பட்டியலை வெளியிட்டிருந்தீர்கள். நல்ல தேர்வுகள்தான். ஆனால் பெயரையும் விலையையும் மட்டும் போட்டால் போதாது. எதை முதலில் எடுப்பது, எந்த இடத்தில் தட்டும், தட்டினால் என்ன செய்வது என்பதையும் சொன்னால்தான் வாங்கிய புத்தகம் பாதியில் நிற்காது.

ராமநாதபுரம் கடற்கரையில் படிப்பதற்கென்றே ஒரு காலம் வாய்த்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பராமரிப்பு வேலையெல்லாம் பகலோடு முடிந்துவிடும். ராத்திரி கையில் இருக்கும். ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்கலாம். சத்தமாக வாசித்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். 20 பக்கம் என்றால் முக்கால் மணி நேரம். அதற்கு மேல் போனால் வாசிப்பவருக்குத் தொண்டை கட்டும், கேட்பவருக்குக் கண் சொக்கும்.

முதலில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977இல் வந்த சின்ன நாவல், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வல்லம் என்னும் நாட்டுப்படகை விற்க மனமில்லாத குரூஸ் மிக்கேல், விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லும் படித்த மகன், இருவருக்கும் நடுவில் மகள் பிலோமி. வல்லக்காரர்களுக்கும் லாஞ்சு என்னும் விசைப்படகுக்காரர்களுக்கும் மூளும் பகைதான் ஊரைப் பிடித்து ஆட்டுகிறது. விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை வைத்துக் கடலுக்குப் போகும் பாக் நீரிணைக்காரர்களுக்கு இந்தப் பகையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேச்சு வழக்கும் எளிது. இந்த நாவலில் காது பழகிவிட்டால் அடுத்ததில் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’, 2004இல் வந்தது. ஐநூறு பக்கத்துக்கு மேல். ராத்திரிக்கு 20 பக்கம் என்று வைத்தால் நாலு வாரம் பிடிக்கும். பலர் விட்டுவிடுவது இந்த நாவலைத்தான். அதுவும் முதல் அறுபது எழுபது பக்கத்துக்குள். காரணங்கள் மூன்று.

ஒன்று, காலம். 1985இல் புயலில் சிக்கி நடுக்கடலில் தத்தளிக்கும் மூன்று பேரின் கதையும், 1933இலிருந்து வரும் ஆமந்துறையின் கதையும் மாறி மாறி வருகின்றன. அத்தியாயம் தொடங்கும்போதே இது எந்த ஆண்டு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால் குழப்பம் வராது. இரண்டு, பெயர்கள். தொம்மந்திரையார், கோத்ராப்பிள்ளை, சூசை, சிலுவை என்று தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வருவார்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலே கிழவர்கள், கீழே பிள்ளைகள். ஒரு பக்கத் தாள் போதும்.

மூன்றாவதுதான் எங்கள் கரைக்கே உரிய சிக்கல். ஆமந்துறை திறந்த கடலைப் பார்த்த திருநெல்வேலிக் கரை ஊர். கரையில் உடையும் அலையைத் தாண்டிக் கட்டுமரத்தைத் தள்ளுவதே அங்கே பெரும்பாடு. பாக் நீரிணையோ பெரும்பாலும் 10 மீட்டர் அளவே ஆழம் உள்ள கடல். தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் வளர்ந்தவருக்கு அந்த அலை கண்ணுக்குள் வராது. பாம்பனுக்குத் தெற்கே குந்துகால் பக்கம் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வந்து அந்தப் பக்கங்களைப் படிக்கட்டும். காற்றும் அப்படித்தான். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் ஆனி ஆடியில் எங்கள் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் இது தலைகீழ். வடகடல்காரர் தம் கடலை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், ஆடி மாதத்தில் இவர்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள் என்றுதான் தோன்றும். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுகளையும் அவை வரும் திசையையும் அதே காலண்டர் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அணியம், பருமல், நீவாடு போன்ற கடல்தொழில் சொற்களுக்கு அகராதியைத் தேட வேண்டாம். தெருவில் அறுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் கையாலேயே காட்டிவிடுவார். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தாதீர்கள். அத்தியாயம் முடிந்த பிறகு கேளுங்கள்.

மிச்சமிருக்கும் மூன்று வாரத்துக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972இல் அச்சானது. சிங்கம்புணரியில் பிறந்தவர், 1985இல் மாவட்டம் பிரியும் வரை அதுவும் ராமநாதபுரம்தான். பினாங்கிலும் மெடானிலும் கடை வைத்த நம் மாவட்டத்து ஆட்களையும், ஜப்பான்காரன் காலத்து யுத்தத்தையும் இதைப் போலச் சொன்ன நாவல் தமிழில் இல்லை என்பது என் துணிபு. தொங்கான் என்னும் சரக்குத் தோணி புயலில் மாட்டும் அத்தியாயத்தை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை வேகமாக, மறுமுறை காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்த்தபடி. மலாய்ச் சொற்களும் வட்டிக்கடைச் சொற்களும் நிறைய வரும். அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்பவை கடையில் இருக்கும் பதவிகள். இதைத் தெரிந்துகொண்டாலே முன்பகுதி பிடிபட்டுவிடும். மலாக்கா நீரிணை இருக்கும் வரைபடம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

உப்பளம் இருக்கும் வாலிநோக்கம் பக்கத்தில் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ படிக்கலாம். கமுதி, முதுகுளத்தூர்க்காரர்களுக்கு சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’, நம் பக்கத்திலிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்த் தஞ்சாவூர்ச் சீமையில் கிடை போடுகிறவர்களின் பாடு அதில் இருக்கிறது. ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல், படிக்க வேண்டியதுதான். ஆனால் தடைக்காலத்தில் தொடங்கினால் பாதியில் கடலுக்குப் போக வேண்டி வரும்.

ஊர் நூலகத்துக்கு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. தடித்த நாவலைக் கெட்டி அட்டையில் வாங்குங்கள். பசையால் மட்டும் ஒட்டிய புத்தகத்தை நாலு பேர் கேட்க மடியில் விரித்துவைத்து வாசித்தால் முதுகு நடுவில் பிளந்து, பக்கம் பக்கமாகக் கழன்று வரும். உப்புக்காற்றில் தாளும் ஈரம் வாங்கி நெளியும். பீரோவில் நெருக்கி அடுக்காமல் விரல் நுழையும் இடம் விட்டு, கரையில் வெயில் அடிக்கும் நாளில் நிழலில் காற்றாட வைத்து எடுத்தால் போதும். நேர் வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது ஒவ்வொரு நாவலுக்கும் எதிரே பக்க எண்ணிக்கை, எந்த ஊர் வழக்கு, கதையில் வரும் தொழில் என்ன என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஏப்ரல் முதல் வாரத்து இதழிலேயே வந்தால் 15ஆம் தேதிக்குள் புத்தகம் வாங்கி வைக்கத் தோதாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தங்கச்சிமடம்