டோஸைக் கூட்டுவதற்கு முன்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பதில் போடாததற்கு நீ திட்டலாம், உரிமை உண்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். நம் சிநேகிதன் மொட்டை ரிட்டையர் ஆகியும் அதே ஸ்கூட்டர்தான், அதே உதைதான்.

'ஆஸ்துமாக்காரர்களுக்குக் கருவியில் போட்டு வாயால் இழுக்கிற பொடிக் கேப்ஸ்யூல், அதான் ரோட்டாகேப், எழுதித் தருகிறேன், பாதிப் பேருக்குக் கேட்கவில்லை, டோஸைக் கூட்டட்டுமா?' என்று கேட்டிருந்தாய். கூட்டாதே. அவர்கள் அதை இழுக்கிற லட்சணத்தை உன் கண்ணால் பார்க்கிற வரைக்கும் கூட்டாதே. இதைச் சொல்ல ஒரு வரி போதும்தான். ஆனால் இப்படிப் பொடியாக இழுக்கிற மருந்துக்கு வழி காட்டிய டாக்டர் ரோஜர் ஆல்டுன்யனைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு இந்த விஷயம் பேச வராது. பொறுத்துக்கொள்.

சிரியாவின் அலெப்போவில் 1922-இல் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் அங்கே ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்துவிட்டு டாக்டருக்குப் படித்தார். 1956-இல் அலெப்போவை விட்டு வந்து, இங்கிலாந்தில் செஷயர் பக்கம் ஹோம்ஸ் சேப்பலில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவருக்கே ஆஸ்துமா. எகிப்துப் பக்கம் மருந்துக்குப் பயன்பட்ட அம்மி விஸ்னாகா என்ற செடியின் விதையில் கெல்லின் என்று ஒரு சரக்கு உண்டு. அதன் உறவுக்கார வேதிப்பொருள்களை அங்கே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலங்குச் சோதனைகள் கைகொடுக்கவில்லை. ஆல்டுன்யன் என்ன செய்தார் தெரியுமா? கினிப் பன்றியின் தோலில் உதிரும் செதில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதையே ஊறவைத்துச் சாறெடுத்து, புகையாக்கி, தானே இழுத்து, வேண்டுமென்றே தனக்கு வீசிங் வரவழைத்துக்கொண்டார். முன்னதாகப் புது மருந்தை இழுத்திருந்தால், முதல் நொடியில் ஊதி வெளியே தள்ளுகிற காற்று எவ்வளவு குறைகிறது, இழுக்காவிட்டால் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். இப்படியே வருஷக்கணக்கில். எலிக்கும் பன்றிக்கும் பதிலாக ஒரு டாக்டர்! இன்றைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் கதவைக்கூடத் திறக்காது. 1965-இல் வந்த சோடியம் குரோமோகிளைக்கேட்தான் தேறியது. 1968-இல் இன்டால் என்ற பெயரில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

அடுத்த சிக்கலில்தான் உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இந்த மருந்தை விழுங்கினால் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். ஆகவே நுரையீரலுக்கே அனுப்பியாக வேண்டும். டோஸோ 20 மில்லிகிராம். அழுத்திப் பீச்சுகிற ஸ்பிரேயில் வரும் மைக்ரோகிராம் கணக்குக்கு இது மலை. எனவே பொடி. ஆனால் பொடி 5 மைக்ரானுக்கு மேல் இருந்தால் தொண்டையிலேயே படியும். அதைவிட நுணுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அதற்காகப் பருவட்டான லாக்டோஸை, அதாவது பால் சர்க்கரையை, கலந்து, மருந்துத் துகளை அதன் மேல் ஏற்றினார்கள். இழுக்கிற வேகத்தில் துகள் கழன்று உள்ளே போகும், லாக்டோஸ் வாயில் தங்கிவிடும். ஸ்பின்ஹேலர் என்ற கருவியில் கேப்ஸ்யூலை ஒரு குட்டி விமான விசிறியில் செருகி, ஊசியால் துளையிட்டு இழுக்க வேண்டும். விசிறி சுழன்று பொடியை உதறும். பழைய விமானி அல்லவா, புத்தி அங்கேதான் போயிருக்கிறது.

இதில் மோட்டார் கிடையாது, முருகேசு. நோயாளியின் மூச்சுதான் மோட்டார். உன் ரோட்டாகேப்பும் அதே ஜாதிதான். 200 மைக்ரோகிராம் மருந்து, கூடவே 25 மில்லிகிராம் அளவுக்கு லாக்டோஸ். இளநீர் உறிஞ்சுவது போல மெல்ல இழுத்தால் துகள் லாக்டோஸை விட்டுக் கழலவே கழலாது. 'தித்திப்பா இருக்கு டாக்டர்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மருந்து நாக்கிலும் தொண்டையிலும்தான் இருக்கும். ஸ்பிரே பஃப்புக்கு நேர் எதிர் விதி: அதை நாலைந்து நொடி நிதானமாக இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதி, ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்தால் எப்படி விளங்கும்?

ஓ.பி.யில் ஒருவரை உன் முன்னால் செய்யச் சொல். கேப்ஸ்யூலின் கண்ணாடி போன்ற முனை கீழே போகிறதா, மேல்முனை கருவியின் துளைக்குச் சமமாக இறங்குகிறதா பார். கருவியின் அடிப்பாகத்தை முட்டுகிற வரை திருப்பினால்தான் கேப்ஸ்யூல் இரண்டாகப் பிரியும். பாதியில் விடுகிறவர்கள் ஏராளம். மூச்சைக் கருவிக்கு வெளியே விடவேண்டும். உள்ளே ஊதினால் ஈரம் ஏறிப் பொடி அப்பிக்கொள்ளும். பிறகு உதட்டை இறுக்கி, முதல் கணத்திலிருந்தே வேகமாக, ஆழமாக ஓர் இழுப்பு, பத்து நொடி அடக்கல். திறந்து பார்த்துப் பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை. உள்ளே இருப்பது வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு என்றால் கொப்பளித்துத் துப்பச் சொல், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும். கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்களும் உண்டு. சிரிக்காதே, கேட்டுப் பார்.

குற்றால மழைக்காலத்தில் உங்கள் ஊரில் ஜெலட்டின் கூடு நமுத்துப்போகும். டப்பாவை இறுக்கி மூடாமல் அடுப்படி ஜன்னலில் வைத்தால் கதை முடிந்தது. கருவியைக் கழுவினால் நன்றாக உலர்ந்த பிறகே தொடவேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தக் கருவியே வேண்டாம், அதற்கு அந்த வேகம் வராது. ஸ்பிரேயோடு மாட்டுகிற பிளாஸ்டிக் கூடான ஸ்பேசரும் மாஸ்க்கும் கொடு. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் காயவிடச் சொல்; துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவரே பிடித்துக்கொள்ளும்.

மூச்சுத் திணறி ஓடிவருகிறவரிடம் இந்தப் பாடமெல்லாம் எடுக்காதே. அந்த நேரத்தில் இழுக்கும் சக்தியே இருக்காது. ஸ்பேசரில், மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் 4 முதல் 10 பஃப், இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், முதல் ஒரு மணி நேரம், தேவைப்பட்டால் ஆக்சிஜன்.

இன்னொன்று கோபமாகவே எழுதுகிறேன். சால்பியூட்டமாலை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பும் பழக்கத்தை விடு. பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் அது கூடாது என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டி 2019-லேயே சொல்லிவிட்டது. மூச்சுக்குழாய் விரியும், வீக்கம் அப்படியே இருக்கும். இரண்டு மாதம் நன்றாக இருந்தால் ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு, இதை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறார்கள். 'பஃப் பழகிடும்' என்று எந்த மாமியாவது சொல்லியிருப்பாள். அவளையும் உட்காரவைத்துப் பேசு.

குரோமோகிளைக்கேட்டை ஆஸ்துமாவுக்கு இன்று யாரும் அதிகம் எழுதுவதில்லை. 1972-இல் இங்கிலாந்தின் டார்பியில் மாரோ பிரவுன் என்ற டாக்டர் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை இழுக்கக் கொடுத்துக் காட்டியதிலிருந்து ஸ்டீராய்டு ராஜ்யம்தான். ஆல்டுன்யன் 1987-இல் போய்விட்டார்.

பத்துப் பேரைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் உள்ளே ஊதினார்கள், எத்தனை பேர் மெல்ல இழுத்தார்கள் என்று எழுது. அதற்கு அப்புறமும் கேட்காதவர்களுக்கு டோஸ் பேசலாம். தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

உன்,
சிதம்பரம்