கயலுக்கு, மயூர் விஹாரிலிருந்து அம்மா

அன்புள்ள கயல்,

போனில் பேசினால் நடுவில் அப்பா புகுந்துவிடுகிறார், அதனால்தான் எழுதுகிறேன். செல்களையும் எலிகளையும் விட்டுவிட்டு, எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய்) வந்தவர்களிடம் டாக்டர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையே பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். “பேச்சுக்கெல்லாமா ஆராய்ச்சி?” என்பது அப்பாவின் கட்சி. என் கட்சி வேறு.

1890இல் உட்தோஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர், உடம்பை வருத்தி வேலை செய்ததும் எம்.எஸ். நோயாளிகள் சிலருக்குப் பார்வை மங்குவதைக் குறித்துவைத்தார். காரணம் உடம்புச் சூடு என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த நோயில் நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைகிறது; அப்படிச் சிதைந்த நரம்பில், வெப்பம் அரை டிகிரி ஏறினாலே தகவல் தடுமாறும். உடம்பு ஆறினால் சரியாகிவிடும். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துக்கூடச் சோதித்திருக்கிறார்கள்.

இதை டெல்லி மே மாதத்தில் வைத்துப் பார். பேங்க்கில் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண் என்னிடம் வந்துகொண்டிருந்தாள். மதியம் பஸ் ஸ்டாப்பில் நின்றால் வருகிற பஸ்ஸின் நம்பர் தெரியாது, பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவாள். வீட்டுக்கு வந்து கூலர் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும். நடிக்கிறாள் என்றார்கள் வீட்டில். என்னிடம் வருவதற்கு முன் அவளைப் பார்த்த டாக்டருக்கு ஏ.சி. அறை. அங்கே எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டாள். அவரும் ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிட்டார். வெயிலில் எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை இவள் சொல்லவில்லை. வெளியே வரிசை வாசல் வரை நிற்கும்போது யாருக்குத்தான் கேட்கத் தோன்றும், அதுவும் சரிதான். ஆனால் நோய்க்கான தடயம் ஸ்கேனுக்கு முன்பே அவள் வாயில் இருந்தது.

ஸ்கேனும் முழுக்கதை சொல்லாது. ஸ்கேனில் மூளையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நோய்ப் புள்ளிகள் உள்ள இருவரில் ஒருவர் ஆபீஸ் போய் வருவார், இன்னொருவர் குளித்து முடித்ததுமே படுத்துவிடுவார். நோயால் வந்த முடக்கத்தை அளக்க குர்ட்ஸ்கே என்ற நரம்பியல் டாக்டர் 1983இல் கொடுத்த ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோலும் பாதிக்கு மேல் நடையையே பிடித்துக்கொண்டு போகும். சோர்வும் மறதியும் அதில் சரியாக ஏறுவதில்லை.

அப்புறம் மருந்து. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் நட்டாலிசுமாப் கதை உனக்கே தெரியும். பி.எம்.எல். என்ற மூளைத் தொற்று வந்ததால் 2005இல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். மறு வருஷம் நிபுணர் குழு கூடியபோது நோயாளிகளே போய், ஆபத்து தெரிந்துதான் கேட்கிறோம், மருந்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று பேசினார்கள். கடுமையான கண்காணிப்போடு திரும்பவும் வந்தது. ஆயிரத்தில் இத்தனை பேருக்கு ஆபத்து என்று நாம் சொல்லும்போது எதிரில் இருப்பவர் மனசில் என்ன பதிகிறது? சிகிச்சையில் பாதி அங்கேதான் முடிவாகிறது. அதைப் போய் வெறும் பேச்சு என்றால் எப்படி?

இங்கே இன்னொரு சிக்கல், குடும்பமே கூட வரும். நோயின் பெயரைச் சொன்னதும் மாமியார் கேட்கிற முதல் கேள்வி, “குழந்தை பெத்துக்கலாமா டாக்டர்?” நான் நாற்காலியை அந்தப் பெண் பக்கம் திருப்பிக்கொண்டு அவளிடம்தான் பதில் சொல்வேன். தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம்; கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் நோயின் தாக்குதல் பொதுவாகக் குறையும், பிரசவத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதம் கூடலாம், அதனால் மருந்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மாமியார் காதிலும் விழட்டும். கணவர்கள் வேறு மாதிரி. கதவுக்கு வெளியே நிறுத்தி, “அவகிட்ட பேரைச் சொல்லிடாதீங்க” என்பார்கள். எடின்பரோவில் இது எவ்வளவு நடக்குமோ, உன் ஆய்வில் இதற்கும் ஓர் இடம் வை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உருக்கமான நாலு கதையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஆய்வு என்று கொண்டுவராதே, எனக்கே பிடிக்காது. டாக்டர் பேசியதைப் பதிவு செய்தால் போதாது; சில வாரம் கழித்து அந்த நோயாளியிடமே போய், என்ன சொன்னார்கள் என்று கேள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணு. நீ ஆய்வுக்கூடத்தில் கற்ற கறார்த்தனம் அங்கேதான் தேவைப்படும்.

கேள்வித்தாளின் முதல் வரைவையே எனக்கு அனுப்பு. வெயில், வெந்நீர்க் குளியல், அடுப்படிச் சூடு பற்றி ஒரு கேள்வியாவது இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உதவித்தொகை எத்தனை வருஷம் வரும் என்று மட்டும் எழுது, அவருடைய உண்மையான கவலை அதுதான்.

அன்புடன்,
அம்மா